முந்திக்கொண்ட இரண்டு

சம்பத்துக்கு வியர்த்தது. கடைக்குள் ஏ.சி. மார்கழி மாதத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் வியர்த்தது.

மேற்குத் தாம்பரத்தில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கடையின் முதலாளி அவன். எதிரே சுழல் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தவள் சாவித்ரி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடிக்கும் உத்தியோகத்தை உதறிவிட்டு, கீழ்க்கட்டளையில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். அவளுக்குப் பின்னால் நின்ற விக்கி அவளுடைய உதவியாளன், டிரைவர், அவசரத்துக்கு மெய்க்காப்பாளன். வாய் மட்டும் எப்போதும் ஓவர்டைம்.

"கோவளத்துப் படகுக்காரங்க சங்கத்துக்குப் புது கம்ப்யூட்டர் விக்கப் பார்த்தீங்க. பழசே நல்லா ஓடுதுன்னு ஆபேல் தடுத்துட்டான். சரியா?"

"சரிதான் மேடம். அதுக்காக நான் போய் அந்த மெஷினைக் கெடுப்பேனா?"

"கெடுப்பீங்களான்னு நான் கேக்கலை. கெடுத்தீங்களா?"

"இல்ல மேடம்! சத்தியமா இல்ல!"

"அக்கா, சாரை இன்னும் அஞ்சு நிமிஷம் இப்டியே வுட்டா கடையத் தொடைக்கத் தனியா தண்ணி புடிக்க வேணாம்" என்றான் விக்கி.

சாவித்ரி எழுந்தாள். "நிஜமா இல்லைன்னா பயப்படாதீங்க. நிஜமா இருந்தா, சாயங்காலம் மறுபடி வருவேன்."

வெளியே, பைக்குக்குப் பக்கத்தில் ஜாஸ்மின் காத்திருந்தாள். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். டியூட்டி உடுப்பைக்கூட மாற்றவில்லை. இந்தக் கேஸைக் கொண்டுவந்தவள் அவள்தான். அவள் புருஷன்தான் ஆபேல்.

நடந்தது இதுதான். கோவளம் கடற்கரையில் ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர், அறைக்கு மேலே நாலு பக்கமும் ஹாரன். கடல் எச்சரிக்கை இன்டர்நெட்டில் வந்தால், அந்தக் கம்ப்யூட்டர் அதைத் தமிழ்க் குரலாக மாற்றிக் கரை முழுக்கக் கத்தும். எல்லாரிடமும் போன் இருக்கிறது. ஆனால் படகு தள்ளும் நேரத்தில் அது பிளாஸ்டிக் பைக்குள் இடுப்பில் தூங்கும். காதில் விழுவது ஹாரன்தான். போன வெள்ளிக்கிழமை விடியலில் அது பேசவில்லை. ரவி என்பவரின் ஃபைபர் படகு பேரலையில் கவிழ்ந்து இரண்டாகப் பிளந்தது. கூடப் போன இரண்டு பேரும் நீந்திப் பிழைத்தார்கள். ரவிக்குக் கால் முறிந்தது.

அந்த மெஷினைச் சும்மா ஒத்தாசையாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் அதே ஊர்க்காரனான ஆபேல். முந்தின நாள் சாயங்காலம் கடைசியாக அறைக்குள் போனவனும் அவன்தான். சந்தேகப்பட வேறு ஆள் வேண்டுமா? இன்று மாலை ஐந்து மணிக்கு ஊர்க்கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இனி அந்த அறைப் பக்கமே வரக்கூடாது என்று முடிவாகிவிட்டது.

"ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுடும்னு நானே சொன்னேன் மேடம்" என்றாள் ஜாஸ்மின். "'செய்யாததுக்குக் கேக்க மாட்டேன், ஊரை வுட்டுத் தள்ளினாலும் சரி'ன்னு தட்டைத் தள்ளிட்டு எழுந்து போய்ட்டாரு. அவருக்குத் திமிரு ஜாஸ்திதான். ஆனா பொய் சொல்ல மாட்டாரு."

"திமிரு இருக்கறவன் பொய் சொல்றது கொறைச்சல்தான்" என்றாள் சாவித்ரி. "பொய் சொல்றதுக்குக் கொஞ்சமாவது பயம் வேணும். விக்கி, வண்டியை எடு."

வண்டலூர் தாண்டி, கேளம்பாக்கம் தாண்டி, உப்புக் காற்று முகத்தில் அடித்தபோது விக்கிக்குப் பசி எடுத்தது. கோவளம் பஸ் நிறுத்தத்தில் மீன் வறுக்கும் வாசனை ஆளைக் கட்டியிழுத்தது. சாவித்ரி கண்ணாலேயே அந்த ஆசையை வெட்டினாள்.

அறைக்கு முன்னால் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்தார். "யாரும்மா நீ? துப்பறியறவளா? ஆபேல் பொண்டாட்டி ஆள் செட் பண்ணிட்டாளா? ரூம் பூட்டிக் கீது. போயிடு."

"பூட்டு திறக்கறதுக்காகத்தான் செய்யறாங்க" என்றாள் சாவித்ரி. "நான் வெயில்ல நிக்கப் பழகினவ. அஞ்சு மணி வரைக்கும் இங்கேயே நிப்பேன். உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம ஒருத்தனைக் குத்தவாளி ஆக்கினீங்கன்னு கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேப்பேன்."

"அக்கா நிப்பாங்க" என்று விக்கி ஒத்து ஊதினான். "போன கேஸ்ல பெரும்பாக்கத்துல லிஃப்ட் ரிப்பேரு. எட்டு மாடி ஏறிப் போய்தான் சாட்சிய புடிச்சாங்க. நான் அஞ்சாவது மாடியில படுத்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அப்போது மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து. ரவியின் மனைவி பேபி. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அறைச் சாவி அவள் வசம்.

"சாவி என்கிட்ட கீது. தொறக்கறேன்."

"பேபி, ரவி இன்னா சொல்லுவான் தெரியுமா?"

"போட்டு ஒடஞ்சது என் வூட்டுது. கால் ஒடஞ்சது என் வூட்டுக்காரருது. ஏன் ஒடஞ்சதுன்னு எனக்குத் தெரிய வேணாமா? தள்ளு."

பூட்டு திறந்தது. உள்ளே நுழையுமுன் சாவித்ரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அன்னிக்கு ஹாரன் பேசவே இல்லையா?"

பேபியின் முகம் சுண்டியது. "பேசுச்சும்மா. அதான் வயிறு எரியுது. இவரை ஆட்டோவுல ஏத்திகினு இருக்கறப்போ பேசுது. 'கடலுக்குச் செல்ல வேண்டாம்'னு. எனக்கு அந்த ஹாரனைக் கல்லெடுத்து அடிக்கணும்போல இருந்துச்சு."

சாவித்ரி விக்கியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். ஏதோ சிக்கிவிட்டது.

"எல்லாரும் ஊமை ஊமைன்னு சொன்னாங்க. ஊமை இல்லை. மூச்சு வாங்கி வாங்கி லேட்டாப் பேசியிருக்கு. கெடுக்க வந்தவன் ஒயரைப் பிடுங்கிட்டுப் போவான். இவ்ளோ சிரமப்பட்டு லேட்டாக்க மாட்டான்."

மானிட்டரின் ஓரத்தில் பாஸ்வேர்டு மார்க்கரால் பெரிசாக எழுதியிருந்தது. ஊரில் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். விக்கி கீபோர்டு முன் உட்கார, சாவித்ரி ஆபேலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நான் அந்த ரூம் பக்கம் வரக்கூடாது, போன்ல வரலாமா?" என்றது ஆபேலின் குரல். சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவன். குரலிலேயே காலர் தூக்கியிருந்தது.

"மெஷின் ஏன் மூச்சு வாங்கும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"மெமரி கம்மி மேடம். கரையைப் பாக்கற கேமரா படம், இன்டர்நெட், குரல், மூணும் ஒண்ணா ஓடினா ரொம்பிடும். ரொம்பினா, அப்போதைக்கு வேணாத சாமானை எங்கயாவது ஒதுக்கணும். ரெண்டு எடம் கீது. ஒண்ணு, மெமரிக்குள்ளயே அமுக்கி மடிச்சு வைக்கிறது. ஐஸ் பொட்டியில நெத்திலிய அமுக்கற மாதிரி. சீக்கிரம் எடுக்கலாம். இன்னொண்ணு, ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பறது. இந்த டிஸ்க்கு கெழம். அது போய் எடுத்துகினு வர்றதுக்குள்ள விடிஞ்சுடும். எதை மொதல்ல ரொப்பணும்னு, மெஷினை ஓட்டற லினக்ஸுக்கு ஒரு நம்பர் குடுக்கணும். அமுக்கி வைக்கிறதுக்கு நூறு போட்டேன். டிஸ்க்குக்குப் பத்து."

"நூறா?" என்றான் விக்கி. "அப்போ அது நூறாவதாதானே வரும்? பத்து முந்திக்காதா?"

போனில் ஒரு ஏளனச் சிரிப்பு. "தம்பி, இது ரேஷன் கடை டோக்கன் இல்ல. பெருசு எதுவோ அதுதான் முந்தும். இப்போ நான் சொல்றதை டைப் பண்ணு."

விக்கி ஒற்றை விரலால் தட்டினான். திரையில் இரண்டே வரிகள். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு எண்.

"அமுக்கி வைக்கிற வரியில ஒண்ணு. டிஸ்க்கு வரியில ரெண்டு" என்று படித்தான்.

 போன் வெடித்தது. "எவன்டா மாத்தினான்? ரெண்டு போட்டா டிஸ்க்குதான் முந்தும்! எல்லாத்தையும் கெழத்து தலையில கட்டிட்டாங்க! சம்பத்துதான் மேடம், அவன்தான் இந்த வேலை பண்ணியிருப்பான்!"

"கத்தாதே. வேறென்ன மாறியிருக்கு?"

ஆபேல் சொல்லச் சொல்ல விக்கி செட்டிங் ஃபைலைத் திறந்தான். இன்னொன்றும் மாறியிருந்தது. அமுக்கி வைக்கும் இடத்தின் அளவை யாரோ இரண்டு மடங்காக்கியிருந்தார்கள்.

சாவித்ரி மெல்லச் சிரித்தாள். "சம்பத் இல்லை. பழைய மெஷினைத் தூக்கிப்போட வைக்க நினைக்கிறவன், அதுக்கு ஓடியாட இன்னும் பெரிய இடம் குடுப்பானா? கொல்ல வந்தவன் சோறு ஊட்டிட்டுப் போவானா? இதை மாத்தினவனுக்கு இந்த மெஷின் மேல ஆசை. நல்லா ஓடணும்னு நினைச்சிருக்கான். இடத்தைப் பெரிசாக்கி, அதுக்கு ஒண்ணாம் நம்பரும் குடுத்தான். ஒண்ணுதான் முதல்லன்னு நம்பினான். இதோ, இப்ப விக்கி நம்பினானே, அதே மாதிரி."

"அக்கா, நான் அந்த நேரம் கீழ்க்கட்டளையில பரோட்டா சாப்ட்டுகினு இருந்தேன். கடைக்காரரு சாட்சி."

"எந்த நேரம்னு உனக்கெப்படித் தெரியும்? ஃபைல் எப்போ மாறிச்சுன்னு பாரு."

விக்கி பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். "அக்கா, இது போன வாரம் இல்ல. ஆடி மாசம். ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, உச்சி வெயில் நேரம்."

"அன்னிக்கு நான் ஷிஃப்ட்ல இருந்தேன்" என்றான் ஆபேல். "ஆபீஸ் கேட்டுல கேமரா கீது, பாத்துக்குங்க."

"ஆடியில வச்ச வெடி புரட்டாசியில எப்படி வெடிக்கும்?" என்று கேட்டான் விக்கி. இந்த முறை நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

ஆபேலுக்குப் புரிந்துவிட்டது. குரல் இறங்கியது. "அந்த ஃபைலை மெஷின் ஸ்டார்ட் ஆகும்போதுதான் படிக்கும். அதுவரைக்கும் பழைய நம்பர்லயே ஓடும். நான் இதை நிறுத்தறதே இல்ல. கரண்டு போனாலும் யூ.பி.எஸ். தாங்கும். வியாழக்கிழமை மட்டும் பகல் பூரா கரண்டு இல்ல. யூ.பி.எஸ்ஸும் படுத்துடுச்சு. சாயங்காலம் நான்தான் வந்து ஸ்விட்ச்சைப் போட்டேன். மெஷின் எழுந்துச்சு, ஒரு தடவை பேசவும் பேசுச்சு. நான் கிளம்பிட்டேன்."

"வெடி வச்சவன் வேற. அது வெடின்னு அவனுக்கும் தெரியாது. திரியைக் கொளுத்தினவன் நீ. உனக்கும் தெரியாது" என்றாள் சாவித்ரி. "ஊரு மொத்தமும் திரி கொளுத்தின நாளையே பார்த்துக்கிட்டு இருக்கு. நாம ஆடி மாச ஞாயித்துக்கிழமைக்குப் போகணும்." அவள் வாசலைப் பார்த்துத் திரும்பினாள். "பேபி, அந்தத் தேதியில இங்க என்ன விசேஷம்?"

வாசற்படியில் நின்ற பேபிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "அன்னிக்குதாம்மா அம்மனுக்குக் கூழ் ஊத்தினோம். ஊரே கோயில்ல கீது."

"இந்த ரூம்ல?"

"எங்க வூட்டுக்காரர்தான் இருந்தாரு." பேபியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஹாரன்ல அம்மன் பாட்டு வுடறதுக்கு சாவி வாங்கினாரு. அவருக்கு இதுல எல்லாம் ரொம்ப இஷ்டம். போன்ல வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்குவாரு. அன்னிக்குக் கூழு குடிக்கக்கூட வரல. அப்பறமா வந்து, 'பேபி, மெஷின் பேசறப்போ திக்குது, சரி பண்ணிட்டேன், இனிமே சும்மா பறக்கும் பாரு'ன்னு..."

வாக்கியம் பாதியில் நின்றது. சிரிப்பு எங்கே போனது என்று விக்கிக்குத் தெரியவில்லை. பேபி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆபேல், அப்படியே லைனை வைத்துவிட்டான்.

ரவி வீட்டில் கட்டிலில் சாய்ந்து கிடந்தார். கட்டுப் போட்ட கால் தலையணை மேல். ஆபேலை ஊரைவிட்டே அனுப்ப வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர் அவர்தான். சாவித்ரி சுற்றி வளைக்கவில்லை. நேராகச் சொன்னாள்.

"நானா?" ரவியின் கழுத்து நரம்பு புடைத்தது. "என் போட்டை நானே ஒடச்சுக்குவனா? யாருகிட்ட துட்டு வாங்கிகினு கதை கட்ற?"

"ஆடியில ஃபைலைத் தொட்டீங்களா, இல்லையா?"

"தொட்டேன்! நல்லதுக்குத்தான் தொட்டேன்! எடத்தைப் பெருசாக்கினேன். அமுக்கறதுக்கு ஒண்ணு, டிஸ்க்குக்கு ரெண்டு போட்டேன். ஒண்ணுதானம்மா மொதல்ல வரும்? ஏலத்துல ஒண்ணாம் நம்பர் கூடைதானே மொதல்ல போவும்? ஸ்கூல்ல ஒண்ணாவது ரேங்க்குதானே ஒசத்தி?"

"அங்க பெரிய எண்தான் முந்தும்ணா" என்றான் விக்கி.  ஓவர்டைம் பார்க்கும் வாய் அன்று முதல் முறையாக லீவு போட்டது.

ரவி கூரையைப் பார்த்தார்.  பிறகு குரல் வேறு மாதிரி வந்தது. "ஆபேல் ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. அவனுக்கு இன்னா நஷ்டம்? வேலை கீது, சம்பளம் கீது. எனக்குப் போட்டு போச்சு, காலு போச்சு. இப்போ மூஞ்சியும் போவணுமா? நீ இதை இப்டியே வுட்டுடும்மா."

"என்னால முடியாது" என்றாள் சாவித்ரி. "ஜாஸ்மின் என்கிட்ட கேட்டது உண்மை. அதுல ஒரு எழுத்தைக்கூட நான் மாத்த மாட்டேன். நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்கன்னும் அதுல இருக்கும். கூட்டத்துக்கு வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

"வர மாட்டேன். போய் சொல்லிக்க!"

பேபி சுவரில் சாய்ந்து நின்றாள். சாவித்ரி வெளியே வந்தபோது, பின்னால் பேபியின் குரல் கேட்டது. மெதுவாக, கத்தியைத் தீட்டுவது போல. "அவனை நிக்க வச்சு மன்னிப்பு கேக்க வச்சியா, நாளையிலேருந்து இந்தக் கையால உனக்குச் சோறு கெடையாது."

ஐந்து மணிக்கு வலை பின்னும் கூடம் நிறைந்துவிட்டது. நடுவில் சங்கத் தலைவர் பூவராகன். அவருக்கு எதிரே ஆபேல், கைகளைக் கட்டிக்கொண்டு, தலையை ஒரு அங்குலம்கூடத் தாழ்த்தாமல். அவனுக்கு இப்போது உண்மை தெரியும். ஆனாலும் அவன் ரவியின் பேரை எடுக்கவில்லை. விக்கிக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

"கேட்டுடுப்பா. எல்லாருக்கும் வேலை கீது" என்றார் பூவராகன்.

"கேக்க மாட்டேன் பெரியப்பா. இன்னிக்கும் கேக்க மாட்டேன், நாளைக்கும் கேக்க மாட்டேன். நான் செய்யல."

கூடம் இரைந்தது. யாரோ, "எவ்ளோ கொழுப்பு பாரு" என்றார்கள். சாவித்ரி எழுந்து தொண்டையைச் செருமினாள். அந்த நேரம் வாசல் பக்கம் கூட்டம் பிளந்தது.

முன்னால் பேபி. அவளுக்குப் பின்னால், நாலு பேர் தூக்கி வந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ரவி. கட்டுப் போட்ட கால் நீட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியை நடுக்கூடத்தில் இறக்கினார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"மெஷின்ல நம்பரை மாத்தினது நான். கூழ் ஊத்தின அன்னிக்கு. நல்லா ஓடணும்னுதான் செஞ்சேன், தப்பாப் போச்சு. ஆபேல் மேல பழி போட்டது அத விடப் பெரிய தப்பு." நிறுத்தினார். தலையை நிமிர்த்தினார். "ஆனா ஒண்ணு. துரோகம் பண்ணல நான். அதனால தலை குனிஞ்சு நிக்க மாட்டேன். எவனாச்சும் சிரிச்சான்னா நாக்கை இழுத்து வச்சு அறுப்பேன்."

 எல்லாருடைய கண்ணும் ஆபேல் மேல் இருந்தது. கட்டிய கைகளைப் பிரித்துக்கொண்டு அவன் நாற்காலியை நோக்கி நடந்தான். அடிக்கப் போகிறானோ என்று விக்கி ஒரு எட்டு முன்னால் வைத்தான். சாவித்ரி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

ஆபேல் ரவிக்கு முன்னால் குந்தினான். உடைந்த காலையும் அந்த முறைத்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"குனியாத மாமா" என்றான். "இந்தக் காலை வச்சுகினு குனிஞ்சா உன்னைத் தூக்கறதுக்குத் திரும்ப நாலு பேர் வேணும்."

முதலில் சிரித்தது பேபி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். பிறகு ரவியின் தோள்கள் குலுங்கின. நாக்கை அறுப்பேன் என்ற மனிதர் தானே சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட.

ஆபேல் பேபியிடம் கையை நீட்டினான். "சாவியக் குடு அத்தை. இருட்டறதுக்குள்ள நம்பரைத் திருப்பிப் போடணும்." பிறகு அந்த நாலு பேரையும் பார்த்தான். "இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? நாற்காலியத் தூக்குங்க. இந்தத் தடவை மாமாவே உக்காந்து போடட்டும். நான் பக்கத்துல நிக்கிறேன்."